சுகர் மாத்திரை போடுகிறவர்கள் ஒரு தடவை வைட்டமின் பி12 பாருங்கள்

போன மார்கழியில் ஒரு சாயங்காலம், மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் கேட்டுவிட்டு அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். ஆரிய கவுடா ரோட்டில் நல்ல கூட்டம். தற்செயலாகக் கீழே பார்த்தால், அம்மாவின் இடது காலில் செருப்பு இல்லை.

"ஏம்மா, செருப்பு எங்கே?"

"காலில்தானேடி இருக்கு" என்றாள்.

திரும்பிப் போய்த் தேடினேன். முப்பதடி பின்னால், ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

அம்மாவுக்கு 64 வயது. பதினோரு வருடமாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறாள். சுத்த சைவம். பாதம் மதமதவென்று இருக்கிறது, ராத்திரியில் எரிகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுகர் இருந்தால் கால் அப்படித்தான் இருக்கும் என்றார் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். நாங்களும் நம்பினோம். வருடா வருடம் முழு உடல் பரிசோதனை என்று பேக்கேஜும் எடுத்தோம். கொழுப்பு, தைராய்டு, யூரிக் ஆசிட், வைட்டமின் டி என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வந்தது. அதில் பி12 இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஹீமோகுளோபின் 12.4 இருந்ததால், ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். அதுதான் தப்பு. ரத்தச் சோகை இல்லாமலே பி12 குறைவு நரம்பைக் கெடுக்கும்.

செருப்பு விஷயத்தைக் கேட்டதும் இன்னொரு டாக்டர் பி12 எழுதிக்கொடுத்தார். ஒரே ஒரு டெஸ்ட், 700 ரூபாய். 142 என்று வந்தது. பெரும்பாலான லேப்களில் 200க்குக் கீழே போனாலே குறைவுதான்.

"தினமும் தயிர்சாதம், இரண்டு வேளை காபி, வாரத்துக்கு நாலு நாள் கீரை. எனக்கு எப்படிச் சத்து குறையும்?" என்று அம்மா அழாத குறையாகக் கேட்டாள். நியாயமான கேள்விதான். முருங்கைக்கீரையில் இரும்புச் சத்து உண்டு, பி12 கிடையாது. எந்தக் கீரையிலும், பருப்பிலும் கிடையாது. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதில் கிடைப்பதையும் உடம்பு சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சுகிறது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போகும்போது அந்த இடத்தில்தான் உறிஞ்சுவது குறைகிறது. அம்மாவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் பான்டாப்ரசோல் வேறு. உணவிலிருந்து பி12 பிரிய வயிற்று அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் இந்த மாத்திரை குறைக்கிறது. கல்லீரலில் பி12 சில வருடங்களுக்குச் சேமிப்பாக இருக்கும் என்பதால் குறைவு மெதுவாகத்தான் தலைகாட்டும். தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

தயவுசெய்து மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நல்ல மருந்து அது. கூடவே பி12 பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2022இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு இதையே டாக்டர்களுக்கு எழுதியது: மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு இப்படி அறிகுறி இருந்தால் பி12 பாருங்கள் என்று.

இன்னொன்று. டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகு ஊசி போடுங்கள். கால் மரத்துப்போகிறது என்றதும் மருந்துக்கடையில் பி12 கலந்த நரம்பு ஊசி வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. போட்டுவிட்டால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், உண்மை நிலவரம் தெரியாது. வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதைவிட ஆபத்து. சோகை சரியாகிவிடும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் எல்லா வைட்டமினும் பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களுக்கு வைட்டமின் டி டெஸ்ட் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று 2024இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது. ஓஎம்ஆரில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பையன், டி குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும், வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் சாஷேயைத் தினமும் சாப்பிட்டான். மூன்று வாரத்தில் ஓயாத வாந்தி, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தான். சீட்டை யாரும் அவனுக்குப் படித்துச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. எரிச்சல் போய்விட்டது. இரண்டு கால் கட்டை விரலும் இன்னும் மரத்தேதான் இருக்கின்றன. திரும்புமா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குச் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய விஷயம் அது. ஆனால் பி12 என்ற பெயரையே அவர் என்னிடம்தான் முதலில் கேட்டார். மாத்திரை கொண்டுவரும் அந்தத் தன்னார்வலரே, "பாதம் மரத்துப்போகுதா, செருப்பு கழன்றால் தெரியுதா?" என்று கேட்டு, ஆமாம் என்கிறவர்களை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அங்கே பி12 இலவசமாகப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.