ஜூம் வேறு, டாலி வேறு

'டாலி (கேமராவை வைத்துத் தள்ளும் சக்கர மேடை) வாடகை வீண் செலவு, ஜூம் செய்தால் அதே ஷாட் கிடைத்துவிடும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறும்படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது. இது தவறு.

ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது. லென்ஸின் குவியத் தூரம் மட்டும் மாறுகிறது. அதனால் காட்சியில் உள்ளதெல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகும். டாலியில் கேமராவே நகர்வதால், பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் பெரிதாகும்.

மலேசியாவின் பத்துமலைக்குப் போகிறவர்கள் கைப்பேசியிலேயே சோதித்துப் பார்க்கலாம். நுழைவாயில் பக்கம் நின்று முருகன் சிலையை ஜூம் செய்யுங்கள். 140 அடிச் சிலையும் பின்னாலுள்ள சுண்ணாம்புப் பாறையும் சேர்ந்தே வளரும். சிலைக்குப் பின்னால் மறையும் பாறைப் பகுதி மாறாது. அப்புறம் ஜூமை விட்டுவிட்டு, படம் எடுத்தபடியே சிலையை நோக்கி நடங்கள். சிலை எழும்ப எழும்பப் பாறை அதன் பின்னால் ஒளியும். முற்றத்துப் புறாக்கள் இருபக்கமும் ஃபிரேமைவிட்டு நழுவும். பார்ப்பவருக்குத் தானே உள்ளே நடக்கிற உணர்வு வருவது இதனால்தான்.

இரண்டும் ஒன்றென்றால் 1958இல் 'வெர்டிகோ' படத்தில் இயக்குநர் ஹிட்ச்காக் காட்டிய அந்தத் தலைசுற்றல் ஷாட்டே சாத்தியமில்லை. கேமரா ஒரு பக்கம் நகர, ஜூம் அதற்கு எதிராக வேலை செய்ததால் வந்தது அது.

ஜூம் மட்டமானது என்று சொல்லவில்லை. ஒரு முகத்தைச் சட்டென்று சுட்டிக்காட்ட அது அருமையான கருவி. டாலிக்குக் காசு இல்லையா, சரி, ஒரு சக்கர நாற்காலியில் கேமராக்காரரை உட்காரவைத்துத் தள்ளுங்கள். தரை மட்டும் சமமாக இருக்கட்டும்.