லங்காஸ்டரின் வால் கூண்டு பாதுகாப்பானதா?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிகளை விரிவாக விளக்கிய கட்டுரையாசிரியர், பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் நான்கு துப்பாக்கிகள் இருந்ததால் அதுவும் பாதுகாப்பானதே என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த நான்கும் .303 அங்குல (7.7 மி.மீ.) பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள். எதிரே வந்த ஜெர்மானிய இரவுப் போர் விமானங்களிலோ 20 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. ஆகவே வால் கூண்டில், அதாவது வால்முனையில் இருந்த சுழலும் துப்பாக்கிக் கூண்டில், இருந்தவரின் முதற்கடமை சுடுவதன்று. இருளில் எதிரியை முந்திக் கண்டு, விமானத்தைச் சரித்துச் சுழற்றித் தப்பும்படி விமானிக்குக் குரல் கொடுப்பதே. பார்வை தெளிவாக இருக்க வேண்டுமென்று கூண்டின் முன்புறத்துப் பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டையே பலர் கழற்றிவிட்டு, உறைய வைக்கும் காற்றில், மின்சாரத்தால் சூடேறும் உடையை நம்பி மணிக்கணக்கில் அமர்ந்திருந்தனர். கூண்டுக்குள் பாராசூட் வைக்கவும் இடமில்லை. விமானம் தீப்பற்றினால், கூண்டை நேராகத் திருப்பி, முதுகுப்புறக் கதவைத் திறந்து, உடற்பகுதியில் மாட்டியிருந்த பாராசூட்டைக் கைநீட்டி எடுத்து அணிந்துகொண்ட பின்னரே குதிக்க முடியும். அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

1943 முதல் ஜெர்மானியர், மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகளுடன் அடியிலிருந்து தாக்கத் தொடங்கினர். பெரும்பாலான லங்காஸ்டர்களின் அடிப்பகுதியில் துப்பாக்கியே கிடையாது. பலவற்றில் அந்த இடத்தை தரையின் அமைப்பைக் காட்டும் எச்2எஸ் ரேடார் பிடித்திருந்தது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் சுமார் 1,25,000 வான்வீரர்களில் 55,573 பேர் மாண்டனர். அவர்கள் அனைவரும் தாமாக முன்வந்து வான்பணியில் சேர்ந்தவர்கள். கட்டுரையாசிரியர் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.