பித்தத்துக்கு ஒரு கேப்சூல்

எனக்குத் தலைவலி வந்தால் பாட்டி சொல்வது ஒரே வார்த்தைதான்: பித்தம். குடியாத்தம் வீட்டு உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். வலது நெற்றிப்பொட்டில் யாரோ உலக்கை போடுகிற மாதிரி இருக்கும். மஞ்சளாக வாந்தி வரும், அப்படியே தூங்கிப்போவேன், எழுந்தால் வலி விட்டிருக்கும். "பாத்தியா, பித்தம் எறங்கிச்சு, தல விட்டுச்சு" என்பாள். 16 வயதில் அதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

பல வருஷம் கழித்து, வேலூரில் ஒரு நரம்பு டாக்டர்தான் அதைத் திருப்பிப் போட்டார். பித்தத்தால் தலைவலி வரவில்லையம்மா, மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியின் ஒரு பகுதிதான் அந்த வாந்தி என்றார். வலி வரும் நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும். போட்ட மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும். வலி தொடங்கும்போதே மாத்திரையைப் போடச் சொல்வதும், பலருக்குக் கூடவே ஒரு வாந்தி மாத்திரை எழுதித் தருவதும் இதனால்தான். நானோ அதுவரை "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று மூன்று மணி நேரம் பொறுத்துவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்று மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, பித்தக் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன வருஷம் அது புதுச்சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது அதன் பெயர் குடல் நலம்.

மார்ச் மாதம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வருஷக் கடைசி என்றால் எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. அந்த மாதம் 9 நாள் தலைவலி. சத்துவாச்சாரியில் மெடிக்கல் கடைப் பையன் சொன்னான்: "அக்கா, எல்லாத்துக்கும் காரணம் குடல்தான். இந்த புரோபயாட்டிக் ரெண்டு மாசம் போடுங்க, தலைவலி பக்கத்துலயே வராது." புரோபயாட்டிக் என்றால் நல்லது செய்யும் என்று சொல்லி உயிரோடு அடைத்துத் தரும் பாக்டீரியா. கேப்சூல் ஒன்று 28 ரூபாய். 60 நாளைக்கு 1,680.

ஏப்ரலில் 4 நாள்தான் வலி. ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள். மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், 8 நாள். அதே கேப்சூல், அதே வேளை. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுகிறோம். உச்சத்திலிருந்து அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்குகிற நேரத்தில் வாயில் என்ன இருக்கிறதோ, நல்ல பேர் அதற்குப் போய்விடுகிறது. கேப்சூல் போடாவிட்டாலும் ஏப்ரல் எனக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், கணக்குதான் முடிந்துவிட்டதே.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் தேடிப் படித்தேன். 2017-இல் நெதர்லாந்தில் 63 மைக்ரேன்காரர்களுக்கு 12 வாரம் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பாதிப் பேருக்கு நிஜம், மீதிப் பேருக்குப் பாக்டீரியா இல்லாத போலி. நிஜம் சாப்பிட்டவர்களுக்கு மாதத்தில் 6 நாள் வலி 4 ஆனது. போலி சாப்பிட்டவர்களுக்கு 7 நாள் 5 ஆனது. இரண்டு பக்கமும் இரண்டு நாள்! 2019-இல் ஈரானில் 14 வகை பாக்டீரியா சேர்ந்த கலவையைக் கொடுத்தார்கள். அங்கே வலியின் கடுமையும் எண்ணிக்கையும் நன்றாகவே குறைந்தன. ஆனால் கடைசிவரை இருந்தவர்கள் 79 பேர்தான். எனவே இது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆராயட்டும், நன்றாக ஆராயட்டும். பாதியில் நிற்கிற ஆராய்ச்சியை எனக்கு 28 ரூபாய்க்கு விற்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

வயிற்றுக்கும் தலைக்கும் கம்பி இல்லாமல் இல்லை. வேகஸ் நரம்பு மூளையிலிருந்து குடல் வரை ஓடுகிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்கிற வேதிப்பொருளில், உடம்பில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது. கடைக்காரர்கள் இந்த 90-ஐ அழகாகச் சொல்கிறார்கள், அந்தச் செரட்டோனின் ரத்தத்தின் வழியாக மூளைக்குள் நுழைய முடியாது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

குடல் பாக்டீரியாவின் அருமையை வேலூருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒரு வகைச் சோள மாவைச் சேர்த்தால் பேதி சீக்கிரம் அடங்குகிறது என்று நம்ம ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவைப் புளிக்கவைத்து, உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்க உதவுகிறது. வடித்து ஆறிய சோற்றிலும் அந்த மாதிரி மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. உடனே "அப்போ பழைய சோறு மைக்ரேனைப் போக்கும்" என்று ஒரு சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டார். சித்தப்பா, அது பேதிக்கு.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அதே கடையில் ஐந்து வருஷமாகத் தலைவலி மாத்திரை அட்டை அட்டையாக வாங்கியிருக்கிறேன். மாதத்துக்கு எத்தனை போடுகிறீர்கள் என்று ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாள், பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாள், இப்படி மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல வலி மாத்திரைகள் இரைப்பைச் சுவரையும் அரிக்கும். ஒரு கையால் வயிற்றைப் புண்ணாக்கும் அட்டையைக் கொடுத்துவிட்டு, மறுகையால் வயிற்றுக்கு நல்லது என்று கேப்சூலை நீட்டுவது என்ன வியாபாரம்?

இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த தடுப்பு மாத்திரை ஒன்று ராத்திரியில். வலி வந்த நாளைக் காலண்டரில் சுழிக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவதை விட்டுவிட்டேன், என் தலைக்கும் வயிற்றுக்கும் இருந்த பெரிய சம்பந்தம் அந்தப் பட்டினிதான் போலிருக்கிறது. போன மாதம் 3 சுழி. இதிலும் எதற்குப் பேர் போகிறது என்று தெரியாது, ஏப்ரலில் ஏமாந்தவள் நான்.

ஆபீஸில் வாங்கிய இருவரில் ஒருத்தி மீதியிருந்த கேப்சூல்களை என்னிடமே கொடுத்துவிட்டாள். என் பெண் நான்கைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கொட்டி மூடிவைத்தாள். மறுநாள் தயிர் ஆகியிருந்தது, நல்ல புளிப்பு. மோர்க்குழம்பு வைத்துக் கொதிக்கவிட்டேன். அத்தனை கோடி பாக்டீரியாவும் போச்சு, குழம்பு நன்றாக இருந்தது.