உண்மை விளக்கம்: வெஸ்லியன் குரோவ் திடலை ஜான் வெஸ்லி தொடங்கவில்லை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மார்த்தாஸ் வின்யார்டு தீவில் இருக்கும் வெஸ்லியன் குரோவ் திடலில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே முதல் கூடாரக் கூட்டத்தை (பல நாள் கூடாரங்களில் தங்கி நடத்தும் திறந்தவெளி ஆராதனைக் கூட்டம்) நடத்தினார், அங்குள்ள மர வீடுகளும் அவர் காலத்தவை என்று ஒரு செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு.

வெஸ்லி அமெரிக்காவில் ஊழியம் செய்தது 1736, 1737 ஆண்டுகளில், தெற்கே ஜார்ஜியாவில். இறந்தது 1791-இல். இந்த ஓக் தோப்பில் அதே தீவிலுள்ள எட்கர்டவுன் ஊர் மெதடிஸ்டுகள் முதலில் கூடியதோ 1835 ஆகஸ்டில். அவர் பெயரை மட்டும்தான் திடலுக்கு வைத்தார்கள்.

கூடாரக் கூட்டமே மெதடிஸ்டுகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1801-இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் நடந்த பெருங்கூட்டத்தைக் கூட்டியது பிரெஸ்பிடேரியன் என்ற வேறொரு புராட்டஸ்டன்ட் சபை. மெதடிஸ்ட் போதகர்களும் அதில் பிரசங்கித்தார்கள். இங்கிலாந்திலோ 1807-இல் மோ காப் மலையில் இப்படிக் கூடியதை மெதடிஸ்டுகளின் ஆளும் அமைப்பான வெஸ்லியன் மாநாடு ஏற்க மறுத்தது. அந்தப் பிளவிலிருந்துதான் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபை பிறந்தது.

வீடுகளைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். முதலில் ஒவ்வொரு சபைக்கும் ஒரு பெரிய கூடாரம். நடுவில் திரை, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், படுக்க வைக்கோல். பிறகு குடும்பக் கூடாரங்கள் வந்தன. 1850-களின் கடைசியிலிருந்து அதே சிறு மனைகளில் மரவீடுகள் எழுந்தன. அதனால்தான் அவை இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன; முன்பக்க இரட்டைக் கதவும் கூடார வாசலைப் போலவே திறக்கும். சுவர் ஒற்றைப் பலகைதான், உள்பூச்சு கிடையாது. வீடுகளுக்கு நடுவே உள்ள இரும்பு ஆராதனை மண்டபம் 1879-இல் கட்டப்பட்டது.