பத்தாவது வந்தால் வயலின் ஏன் பரணுக்குப் போக வேண்டும்?

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும் நம் ஊர் இசை வகுப்புகளில் ஒரு கூட்டம் குறையும். ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிற பிள்ளைகள். வயலினோ, கீபோர்டோ, மிருதங்கமோ, "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, நீட், கல்லூரி, வேலை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி இறங்குவதே இல்லை.

இது எனக்குப் பெரிய வருத்தம். பிள்ளைகள் கச்சேரி செய்யாமல் போய்விட்டார்களே என்பதற்காக இல்லை. மனசுக்கு மூச்சுவிட ஓர் இடம் எப்போது மிகவும் தேவைப்படுகிறதோ, சரியாக அந்த வருடத்தில் அதைப் பிடுங்கிவிடுகிறோம் என்பதற்காக.

என் அக்கா மகளுக்கு இந்த வருடம் பத்தாவது. வயலின் நன்றாக வந்துகொண்டிருந்தது, அடிப்படைப் பாடங்களைத் தாண்டி வர்ணம் ஆரம்பித்திருந்தாள். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா திருப்பிக் கேட்டாள்:

"ஏண்டி, பத்தாவதுல போய் வயலினைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்தா மார்க் யார் வாங்குறது?"

"அரை மணி நேரம்தானே அக்கா?"

"அந்த அரை மணி நேரத்துல ஒரு பாடம் ரிவைஸ் பண்ணிரலாம்."

காலை ஐந்தரைக்கு ஒரு டியூஷன், சாயங்காலம் ஒரு டியூஷன், நடுவில் பள்ளி. இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கிற அரை மணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் பாடத்தை ரிவைஸ் பண்ணாது. போனைத்தான் எடுக்கும். ரீல்ஸ் பார்த்து முடிக்கும்போது தலை இன்னும் கனமாக இருக்கும். அதே அரை மணி நேரம் வயலினோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவளே என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "சித்தி, வாசிக்கிறப்ப கணக்குப் பரீட்சை ஞாபகமே வராது."

அவள் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். எனக்கும் அது நடக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் புல்லாங்குழல் கற்றுக்கொள்ளப் போனேன். எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தூக்கத்திலும் வரும். வீட்டுக்கு வந்தாலும் உடம்புதான் வந்திருக்கும், மண்டை ஆபீஸிலேயே இருக்கும். டிவி பார்த்தாலும் மாறாது, நடைப்பயிற்சி போனாலும் மாறாது. நடக்கும்போது காலுக்குத்தான் வேலை, மண்டை பாட்டுக்குப் பழைய கணக்கைக் கிளறிக்கொண்டே வரும்.

குழலில் அது முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

புல்லாங்குழலில் முதலில் சத்தமே வராது. வெறும் காற்றுதான் போகும். உதட்டிலிருந்து போகிற காற்று வாய்த்துளையின் எதிர் விளிம்பில் பட்டு, ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே என்று பிரிய வேண்டும். அப்போதுதான் நாதம் பிறக்கும். குழலை ஒரு மயிரிழை உருட்டினால் போதும், நாதம் போய்விடும். புதிதாக ஊதுகிறவர்களுக்குத் தலை சுற்றும். வேகமாக மூச்சு விட்டு விட்டு இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுவதால் வருகிற சுற்றல் அது. உட்கார்ந்து கொஞ்சம் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும். எங்கள் வாத்தியார் பெரியவர், எல்லோரையும் "ம்மா", "ப்பா" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூச்சை இழுக்கிறதைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா, அது தானா வரும். விடுறதை மட்டும் பாருங்க."

குழல் பயிற்சி முழுவதும் அதுதான். 'ச' என்கிற சட்ஜமத்தை எட்டு எண்ணிக்கை நிறுத்துவது, அப்புறம் அதையே இன்னும் நீட்டுவது. மூச்சை வெடுக்கென்று இழுத்து மெதுவாக, நீளமாக விடுகிறோம். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும் என்பது உடலியல் பாடத்தில் இருக்கிற சாதாரண விஷயம். பிராணாயாமத்தில் எண்ணி எண்ணிச் செய்வதைக் குழலில் ஒரு சுரத்துக்காகச் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பிராணாயாமம் சலித்துப் போனது. சுரம் சலிக்கவில்லை.

அடுத்தது, ஆரம்பப் பாடங்களுக்குரிய ராகமான மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபம், அதாவது சட்ஜமத்தை ஒட்டி வருகிற சின்ன 'ரி'. இதற்குக் குழலில் தனித் துளை கிடையாது. ஒரு துளையை விரலின் சதையால் பாதி மட்டும் மூட வேண்டும். கொஞ்சம் கூடுதலாக மூடினால் சட்ஜமத்தின் பக்கம் இறங்கிவிடும். கொஞ்சம் திறந்துவிட்டால் பெரிய ரிஷபத்தின் பக்கம் ஏறிவிடும். கண்ணால் பார்த்து வைக்க முடியாது, காதுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் போனில் தம்புரா ஆப் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு உரசாமல் நிற்கிற இடத்தைத் தேடிக்கொண்டே விரலை நகர்த்த வேண்டும். உதடு, மூச்சு, விரல், காது நாலும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும். அந்த நேரத்தில் ஜிஎஸ்டி உள்ளே நுழைய இடமே கிடையாது. மனசை அடக்கு என்று யாரும் சொல்லவில்லை. மனசுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம்.

பாட்டு கேட்பதற்கும் வாத்தியம் கற்பதற்கும் நான் காண்கிற பெரிய வித்தியாசம் இதுதான். கேட்பது சுகம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டே கவலைப்பட முடியும். ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையைக்கூட மூன்றாம் காலத்தில், அதாவது நாலு மடங்கு வேகத்தில், வாசித்துக்கொண்டே கவலைப்பட முடியாது.

இது என் அனுபவம் மட்டும்தானா என்று படித்துப் பார்த்தேன். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. படிப்பது, பலகை விளையாட்டு, நடனம், வாத்தியம் வாசிப்பது ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. வாசித்ததால்தான் நோய் வரவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நல்ல நினைவாற்றல் உள்ளவர்களே வாசிப்பைத் தொடர்ந்திருக்கலாம். 2007-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அதில் 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு ஆறு மாதம் பியானோ கற்றுக்கொடுத்தார்கள். கற்காதவர்களோடு ஒப்பிட்டபோது, கவனத்தையும் மனதின் வேகத்தையும் அளக்கிற சோதனைகளில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் தொடங்கியவர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்விட்சர்லாந்து ஆய்வு. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் டிஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழலை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிற 25 பேரிடம் கொடுத்து நான்கு மாதம் கற்கச் செய்தார்கள். கற்றவர்களுக்குப் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது. பக்கத்தில் படுக்கிறவர்களின் தூக்கமும் மேம்பட்டது. 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஊதி ஊதித் தொண்டைத் தசைகள் வலுவானதே காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நாதஸ்வரமும் குழலும் ஒலிக்கிற ஊர்க்காரர்கள் நாம், இதைக் கவனிக்க வேண்டாமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'மியூசிக் கத்துக்கிட்டா கணக்கு நல்லா வரும், ஐக்யூ ஏறும்' என்று சொல்லித்தான் பல வகுப்புகள் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. 2020-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை, ஒழுங்காக வடிவமைத்த ஆய்வுகளில் அப்படிப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை என்று முடித்தது. எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. மார்க்குக்காகச் சேர்த்தால் மார்க்குக்காகவே நிறுத்துவார்கள். பத்தாவதில் நடப்பது அதுதானே? மூச்சுக்கும் மனசுக்கும் நல்லது என்று சேர்த்திருந்தால் பரீட்சை வருடத்தில் எந்தத் தாயும் நிறுத்தியிருக்க மாட்டார்.

அதைவிட மோசம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ராகப் பட்டியல். இந்த ராகம் கேட்டால் சர்க்கரை இறங்கும், அந்த ராகம் கேட்டால் ரத்தக்கொதிப்பு போகும். தயவுசெய்து இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு ஆழமாக இருப்பவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வாத்தியம் கூடவே வரும் துணை, மருந்துக்குப் பதில் இல்லை.

அதேபோல, வாத்தியத்தையே இன்னொரு பரீட்சையாக மாற்றிவிட்டால் நான் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு கிரேடு தேர்வு, அடுத்த கிரேடு, அதற்கும் அடுத்தது. பக்கத்து வீட்டுப் பையன் எந்த கிரேடு என்று விசாரணை. வருடம் முழுக்க அந்தத் தேர்வுக்குரிய சில உருப்படிகளை மட்டும் உருப்போட்டுவிட்டு, சான்றிதழை லேமினேட் செய்து மாட்டுகிறோம். அந்தப் பிள்ளையிடம் 'உனக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டை வாசி' என்றால் விழிக்கிறது. தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அது உந்துதல். ஆனால் யாரும் மதிப்பெண் போடாத ஓர் இடமாவது ஒரு மனுஷனுக்கு வேண்டும், அது வாத்தியமாக இருக்கட்டும் என்கிறேன்.

கூட்டமாகக் கற்பதன் பலன் தனி. என்னோடு வேலை பார்ப்பவரின் மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான், வார இறுதியில் பறை கற்கிறான். ஒருமுறை பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். முதலில் காய்ந்த ஓலை, சருகு போட்டுத் தீ மூட்டி, எல்லோரும் சுற்றி நின்று பறையைக் காட்டிக் காய வைத்தார்கள். விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள், தோல் இன்னும் இறுகவில்லை என்றால் மறுபடி காட்டுகிறார்கள். அப்புறம் ஒரு கையில் அடிக்குச்சி, ஒரு கையில் சிம்புக்குச்சி, வட்டமாக நின்று ஒரே அடி. காலும் சேர்ந்து ஆடுகிறது. ஒருவர் தப்பினால் பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்துச் சேர்ந்துகொள்கிறார். வாரம் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பறையைச் சில மக்களின் தலையில் கட்டாயத் தொழிலாக ஏற்றி, அடிப்பவரையே இழிவாக நடத்திய சமூகம் நம்முடையது. இன்று அதே வாத்தியத்தைப் பெண்களும் ஆண்களும் தாங்களாக விரும்பி எடுத்து, தலை நிமிர்ந்து அடிக்கிறார்கள். மன நலம் என்று பேசும்போது டென்ஷன் குறைவதை மட்டும் பேசுகிறோம். இந்த நிமிர்வையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'எனக்கு வயசாகிடுச்சு' என்பவர்களுக்கு ஒன்று. சின்ன வயதில் தொடங்கினால் விரல் சீக்கிரம் வளையும், உண்மைதான். நாம் யாரும் சபா மேடை ஏறப் போவதில்லை. புல்லாங்குழல் மேதை கும்பகோணம் சரப சாஸ்திரி 1872-இல் பிறந்து 1904-இல் மறைந்துவிட்டார். சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர். புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் அவர்தான். அந்த உயரம் அவர்களுக்கு. நமக்குத் தாளப் பயிற்சியான அலங்காரம் ஏழு தாளத்திலும் தடுமாறாமல் வந்தால் போதும், அதுவே ஒரு சாயங்காலத்தை நிறைக்கும். தொடங்க விரும்பினால் வாத்தியத்தை ஆன்லைனில் வாங்காதீர்கள். கண்காட்சியில் விற்கிற பொம்மைக் குழல் பல நேரம் சுருதி சேராது, 'எனக்கு வரலை' என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். முதலில் வாத்தியாரைத் தேடுங்கள், அவர் ஊதிப் பார்த்து எடுத்துக் கொடுக்கட்டும். சில நூறு ரூபாயில் நல்ல மூங்கில் குழல் கிடைக்கும். கழுத்தும் தோளும் வலித்தால் வலியோடு வாசிக்காமல் உட்காரும் முறையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தினம் கொஞ்ச நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட அது மேல்.

கடைசியாக அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று நல்ல ஆசிரியர்களிடம் மிகக் குறைந்த கட்டணத்தில் கற்கலாம். ஆனால் சேர்வதற்கு வயது 12 முதல் 25 வரை. தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்குகிற படிப்புக்கு அந்த வரம்பு நியாயம்தான். அதே கட்டடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல், 25 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும், பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கும் வாரம் இரண்டு நாள் வகுப்பு நடத்தலாமே. சான்றிதழ் வேண்டாம், தேர்வு வேண்டாம். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக வைத்து அதை ஆசிரியர்களுக்கே கொடுங்கள். கட்டுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.