கிராஃபிட்டியைத் தொடக்கினது பாங்ஸி இல்லை

அண்ணை, கிராஃபிட்டியை, அதுதான் ஒளிச்சு நிண்டு சுவரில பேரும் படமும் கீறுறதை, தொடக்கினதே இங்கிலாந்து ஓவியர் பாங்ஸிதான், 2019 இல யாழ்ப்பாணத்து மதில்களில பெடியள் கீறினதும் அதுதான் எண்டு மேல எழுதியிருக்கிறியள். ரெண்டும் பிழை. பாங்ஸி பிரிஸ்டல் சுவர்களில கீற வெளிக்கிட்டது 1990களில. 1960களின்ர கடைசியிலயே பிலடெல்பியாவில 'கோர்ன்பிரெட்' எண்ட பெடியன் தன்ர பட்டப்பேரைச் சுவர் சுவராய் எழுதித் திரிஞ்சவன். நியூயோர்க்கில 'டாக்கி 183'. டாக்கி செல்லப்பேர், 183 அவன்ர வீதி இலக்கம். 1971 இல நியூயோர்க் டைம்ஸ் அவனைப் பற்றி எழுதினாப்பிறகு கனபேர் அதே மாதிரிக் கிளம்பினவை. பாங்ஸியின்ர ஸ்டென்சில் வேலைகூட (வெட்டின அட்டையைச் சுவரில வைச்சு மேல பெயின்ற் அடிக்கிறது) புதுசில்லை. பாரிஸில பிளெக் லெ ரா எண்ட ஓவியர் 1980களின்ர தொடக்கத்திலயே அப்பிடி எலிப்படமாய்ச் சுவர்களில அடிச்சுத் தள்ளினவர் (அந்த எலியளைப் பார்த்திட்டுப் பாங்ஸியின்ர எலியளைப் பாருங்கோ). இங்க நடந்தது வேற. சனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுக்க இளையவை பட்டப்பகலில பெயின்ற் வாளியும் தூரிகையுமாய் நிண்டு சுவரோவியம் கீறினவை. ஒளிச்சு நிண்டு பேர் எழுதுறதோட அதைக் கலக்காதேங்கோ.