அந்த சே குவேரா மேப் போர் திட்டம் இல்லீங்க

சே குவேரா முகமும் தென் அமெரிக்கா மேப்பும் சேர்ந்த ஒரு பழைய படத்தைப் பத்தி மேல ஒருத்தர் "இது மாஸ்கோவில அச்சடிச்ச ரகசிய போர் மேப், சிவப்பா இருக்கிறதெல்லாம் கியூபா பிடிக்க நினைச்ச நாடுங்க"னு போட்டிருக்கார், அது தப்புங்க. இது 1968ல எலேனா செர்ரானோங்கிற கியூபா டிசைனர் பண்ண போஸ்டர். கியூபா புரட்சியில முக்கிய தலைவரா இருந்த சே, 1967 அக்டோபர் 8ம் தேதி பொலிவியாவில பிடிபட்டார், மறுநாள் சுட்டுக் கொன்னுட்டாங்க, அந்த நினைவு நாளுக்காக வரைஞ்சது. நல்லா பாருங்க, சேவோட முகமே அடுக்கடுக்கா விரிஞ்சு விரிஞ்சு தென் அமெரிக்கா கண்டமா மாறுது, ஆளைக் கொன்னாலும் அவர் கொள்கை கண்டம் முழுக்க பரவும்னு சொல்ற படம் அது, எந்த ராணுவமும் இதை வச்சு எங்கயும் போக முடியாது, ஒரு ஊர் பேரு கூட கிடையாதே.

ரகசியம்ங்கிறது அதைவிட பெரிய தப்பு. இதை வெளியிட்டது 1966ல ஹவானாவில நடந்த மூன்று கண்ட (ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா) மாநாட்டுல உருவான ஓஸ்பால்ங்கிற, அந்த நாட்டு மக்களோட ஒற்றுமைக்கான அமைப்பு. அவங்க போஸ்டரை மடிச்சு பத்திரிகைக்குள்ள வச்சு வெளிநாடுகளுக்கு அனுப்பினாங்க, ஸ்பானிஷ், இங்கிலீஷ், பிரெஞ்சு, அரபின்னு நாலு மொழியில வாசகம் போடுறது அவங்க வழக்கமா இருந்துச்சு. எல்லாரும் பாக்கணும்னே பண்ண பிரச்சாரம் இது. பிரச்சாரம்னு சொல்லுங்க, நானும் ஒத்துக்கிறேன், ஆனா படையெடுப்பு பிளான்னு பரப்பாதீங்க ப்ளீஸ்.